ஓடுவது 22 கார், ஜெயிப்பது ஒன்று

2013 அக்டோபர் 27. டெல்லியை அடுத்த கிரேட்டர் நொய்டாவில் உள்ள புத்த் சர்வதேச சர்க்யூட். பந்தயம் முடிந்து மற்ற கார்கள் உள்ளே திரும்ப, செபாஸ்டியன் வெட்டல் மட்டும் தன் ரெட் புல் காரைப் பிரதான மாடத்துக்கு எதிரே கொண்டுவந்து, டயர் புகைய வட்டமடித்தார். பிறகு இறங்கி, காரின் முன்னால் மண்டியிட்டுக் கும்பிட்டார். தொடர்ந்து நான்காவது முறையாக உலக சாம்பியன் பட்டம் அன்று அவர் கைக்கு வந்திருந்தது. காரை உரிய இடத்தில் கொண்டுபோய் விடாமல் இப்படிக் கொண்டாடியதற்காக அணிக்கு 25,000 யூரோ அபராதம் விழுந்தது. அந்தக் கும்பிடு என்னவோ, போய்ச்சேர வேண்டிய இடத்துக்குத்தான் போனது.

இந்திய கிராண்ட் பிரீ மூன்றே ஆண்டுகள் நடந்தது. 2011, 2012, 2013 என மூன்றிலும் முதல் வரிசையில் முதல் ஆளாகப் புறப்பட்டவர் வெட்டல். மூன்றிலும் வென்றவரும் அவரே. 2011-ல் புறப்பட்ட நொடி முதல் சச்சின் டெண்டுல்கர் கொடி அசைத்து முடித்துவைத்த நொடி வரை, ஒரு சுற்றில்கூட வேறு யாரும் முன்னிலைக்கு வரவில்லை. அதிவேகச் சுற்றும் அவர் ஓட்டியதுதான். இந்திய மண்ணில் நடந்த ஃபார்முலா 1 பந்தயங்களில் வென்றவர்கள் பட்டியல் போட்டால் ஒரே பெயரை மூன்று முறை எழுதிவிட்டு நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான்.

அதே 2011 பந்தயத்தின் பின்கோடியில் நடந்ததை அப்போது அதிகம் பேர் கவனிக்கவில்லை. அங்கே ஹிஸ்பானியா என்ற ஸ்பெயின் அணியின் இரண்டு கார்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஒன்றில் கோயம்புத்தூர்க்காரரான நரேன் கார்த்திகேயன். இன்னொன்றில் ஆஸ்திரேலிய இளைஞர் டேனியல் ரிக்கார்டோ. கார்த்திகேயன் 17-ஆம் இடத்தில் முடித்தார், ரிக்கார்டோ அவருக்குப் பின்னால் 18-ஆம் இடத்தில். மூன்று ஆண்டுகள் கழித்து, 2014-ல், அதே ரிக்கார்டோ ரெட் புல் அணிக்குப் போனார். சேர்ந்த ஆண்டே மூன்று பந்தயங்களில் வென்றார். பக்கத்துக் காரில் இருந்த நான்கு முறை சாம்பியன் வெட்டலுக்கு அந்த ஆண்டு ஒரு வெற்றிகூடக் கிடைக்கவில்லை. ஓய்வு பெறும்போது ரிக்கார்டோவின் கணக்கில் 8 கிராண்ட் பிரீ வெற்றிகள்.

இதிலிருந்து கார்த்திகேயனும் எட்டுப் பந்தயங்களில் வென்றிருப்பார் என்று சொல்ல வரவில்லை. ஒருநாள் முந்தியதை வைத்து அப்படிச் சொல்லிவிட முடியாது. ஆனால், அந்த 17-ஆம் இடமும் 18-ஆம் இடமும் அந்த இருவரைப் பற்றி உலகத்துக்கு எதுவுமே சொல்லவில்லை என்பது மட்டும் உறுதி. திறமைசாலியா, சுமாரா என்று கண்டுபிடிக்கவே முடியாத இடத்தில் அவர்கள் இருந்தார்கள். உலகின் மிக உயர்ந்த கார் பந்தயம் என்று சொல்லிக்கொள்ளும் ஒரு விளையாட்டில் இதைவிடப் பெரிய குறை வேறு இருக்க முடியாது என்று நினைக்கிறேன்.

ஐந்து பேர், மூன்று அணிகள்

2010-லிருந்து 2025 வரை 16 சீசன்கள். இவற்றில் சாம்பியன் ஆனவர்கள் மொத்தமே ஐந்து பேர்: லூயிஸ் ஹாமில்டன் 6 முறை, வெட்டல் 4, மேக்ஸ் வெர்ஸ்டாப்பன் 4, நிகோ ராஸ்பெர்க், லாண்டோ நாரிஸ் தலா ஒரு முறை. அவர்கள் ஓட்டிய கார்கள் மூன்றே மூன்று அணிகளுடையவை. ரெட் புல், மெர்சிடிஸ், கடைசியாக 2025-ல் மெக்லாரன். இத்தாலியர்கள் உயிராக நினைக்கும் ஃபெராரியின் டிரைவர் ஒருவர் பட்டம் வென்றது 2007-ல் கிமி ராய்க்கோனனோடு சரி.

பட்டத்தை விடுங்கள். தனித்தனிப் பந்தயங்களுக்கு வருவோம். 2013 மார்ச்சில் ஆஸ்திரேலியாவில் லோட்டஸ் காரில் ராய்க்கோனன் வென்றார். அதற்குப் பிறகு மெர்சிடிஸ், ஃபெராரி, ரெட் புல் தவிர்த்த ஓர் அணி வெல்வதற்கு 2020 செப்டம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மோன்ஸாவில் ஆல்ஃபாடாரி அணியின் பியர் கேஸ்லி வென்ற அந்த நாளிலும், மூடியிருந்த பிட் பாதைக்குள் நுழைந்ததற்காக ஹாமில்டனுக்குத் தண்டனை விழுந்ததும் நடுவில் சிவப்புக் கொடி காட்டிப் பந்தயம் நிறுத்தப்பட்டதும் கைகொடுத்தன. ஏழு ஆண்டுகளுக்கும் மேலாக, மற்ற அணிகளின் டிரைவர்கள் எல்லாரும் ஞாயிற்றுக்கிழமை காலை எழும்போதே இன்று ஜெயிக்க முடியாது என்று தெரிந்தே ஹெல்மெட் மாட்டினார்கள்.

2023 இதன் உச்சம். 22 பந்தயங்களில் 21-ஐ ரெட் புல் எடுத்துக்கொண்டது. வெர்ஸ்டாப்பனுக்கு மட்டும் 19 வெற்றிகள். அதில் 10 தொடர்ச்சியானவை. மிச்சமிருந்த ஒரே பந்தயத்தை, சிங்கப்பூரில், ஃபெராரியின் கார்லோஸ் சைன்ஸ் பிடித்தார். அந்த ஆண்டு வெர்ஸ்டாப்பனின் கார் ஒரு பந்தயத்தில்கூடப் பாதியில் நிற்கவில்லை. அவருடைய மிக மோசமான முடிவே சிங்கப்பூரில் வந்த ஐந்தாம் இடம்தான்.

கார் நிற்காததை இங்கே குறிப்பிடக் காரணம் இருக்கிறது. பழைய காலத்தில் எவ்வளவு வேகமான காரும் இன்ஜின் புகைந்து ஓரம்கட்டும், கியர்பாக்ஸ் உடையும், பின்னால் வந்தவருக்கு அதிர்ஷ்டம் அடிக்கும். 1982-ல் 16 பந்தயங்களில் 11 வெவ்வேறு பேர் வென்றார்கள். ஏழு அணிகள் வெற்றி பார்த்தன. ஒரே ஒரு பந்தயத்தில் மட்டும் வென்ற கேகே ராஸ்பெர்க் சாம்பியன் ஆனார். அந்தப் பன்முகத்தின் ஒரு பகுதி இன்ஜின்கள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றதால் கிடைத்தது. இன்னொரு பக்கம் துயரமும் இருந்தது. அந்த ஆண்டுதான் ஜில் வில்நெவ்வும் ரிக்கார்டோ பலெட்டியும் தடத்தில் உயிரிழந்தார்கள். பட்டியலில் முன்னணியில் இருந்த டிடியே பிரோனி இரு கால்களும் முறிந்து ஒதுங்கினார். அந்தக் காலம் திரும்ப வேண்டும் என்று யாரும் ஆசைப்படக் கூடாது. இன்றைய கார்கள் நிற்பதில்லை, டிரைவர்கள் சாவதில்லை என்பது பெரிய சாதனை. ஆனால் கார் நிற்காத காலத்தில், வேகமான கார் யாரிடம் இருக்கிறதோ அவரைத் தலைவிதிகூடத் தடுக்காது. ஆகவே கார்களுக்கு இடையிலான இடைவெளி முன்பைவிடக் குறைவாக இருந்தாக வேண்டும்.

‘எப்போதும் இப்படித்தானே?’

இந்தக் கேள்வியை ரசிகர்கள் கேட்பார்கள், நியாயமான கேள்வி. 1950-ல் உலக சாம்பியன்ஷிப் தொடங்கிய முதல் ஆண்டே, இண்டியானாபொலிஸ் நீங்கலாக மிச்சமிருந்த 6 பந்தயங்களையும் ஆல்ஃபா ரோமியோதான் வென்றது. 1988-ல் மெக்லாரன் 16-ல் 15. 2002-ல் ஃபெராரி 17-ல் 15. மைக்கேல் ஷூமாக்கர் ஜூலை மாதமே பட்டத்தை முடித்துவிட்டார், இன்னும் ஆறு பந்தயங்கள் பாக்கி இருந்தன. அந்த ஆண்டு ஃபெராரி எடுத்த 221 புள்ளிகளும், மற்ற அத்தனை அணிகளும் சேர்ந்து எடுத்த புள்ளிகளும் சமம்.

ஆனால் 1988-ஐயும் 2002-ஐயும் ஒரே தட்டில் வைக்க என்னால் முடியவில்லை. 1988-ல் அந்த வெள்ளை சிவப்புக் கார்கள் இரண்டிலும் அயர்ட்டன் சென்னாவும் அலன் ப்ரோஸ்டும் உட்கார்ந்திருந்தார்கள். சென்னாவுக்கு 8 வெற்றி, ப்ரோஸ்டுக்கு 7. ஒரே காரில் இரண்டு பெரிய ஓட்டுநர்கள் ஒருவரை ஒருவர் சீசன் முழுக்க விரட்டினார்கள். 2002-ல் ஆஸ்திரியாவில் முன்னால் போய்க்கொண்டிருந்த ரூபன்ஸ் பாரிக்கெல்லோவை, கடைசிச் சில மீட்டர்களில் வேகம் குறைத்து ஷூமாக்கருக்கு வழிவிடும்படி அணியே உத்தரவிட்டது. அவர் வழிவிட்டார். மேடையில் ஷூமாக்கர் நின்றபோது மாடமே ஊளையிட்டது. அந்த ஊளைக்கு ஷூமாக்கர் தகுதியானவர் அல்ல. 2013-ல் மோன்ஸாவிலும் சிங்கப்பூரிலும் மேடையில் நின்று அதே ஊளையைக் கேட்ட வெட்டலும் தகுதியானவர் அல்ல. அவர்கள் வேலையை அவர்கள் செய்தார்கள். ஜனங்களின் கோபம் உண்மையானது, விழுந்த ஆள்தான் தவறு.

ஒருவர் தொடர்ந்து ஜெயிப்பதில் எனக்குக் குறை இல்லை. அமெரிக்காவின் இண்டிகார் பந்தயத்தில் எல்லா அணிகளுக்கும் டல்லாரா நிறுவனத்தின் ஒரே உடல்தான். இன்ஜின் மட்டும் ஹோண்டா அல்லது ஷெவர்லே. அங்கேயும் ஸ்பெயினின் அலெக்ஸ் பலோ 2023, 2024, 2025 என வரிசையாகப் பட்டம் வென்றார். 2025-ல் 17 பந்தயங்களில் 8 அவருக்கு. பார்க்கிறவருக்கு அதில் சந்தேகம் வராது. எதிராளியிடமும் ஏறத்தாழ அதே கார் இருக்க, இந்த ஆள் மட்டும் எப்படி இப்படி ஓட்டுகிறான் என்று வியக்கத்தான் தோன்றும். ஃபார்முலா 1-ல் அந்த வியப்பு வருவதற்குள் அடுத்த கேள்வி குறுக்கே வந்து நின்றுவிடுகிறது: இது இவரா, காரா?

கொடுத்த வாக்கு

சென்னைக்காரர் கருண் சந்தோக்கின் முதல் ஃபார்முலா 1 வார இறுதியை நினைத்துப் பாருங்கள். 2010 மார்ச், பஹ்ரைன். ஹிஸ்பானியா அணி அப்போதுதான் பிறந்திருந்தது. முன்கூட்டிய சோதனை ஓட்டம் எதுவும் கிடையாது. சந்தோக்குக்கான கார் பயிற்சிச் சுற்றுகளுக்குள் தயாராகவே இல்லை. யார் எங்கே புறப்படுவது என்று தீர்மானிக்கும் தகுதிச் சுற்றில்தான் அவர் அந்தக் காரை வாழ்க்கையில் முதன்முறையாக ஓட்டினார். அதில் 24 பேரில் 24-ஆவதாக வந்து, பந்தயம் தொடங்கிய சற்று நேரத்திலேயே மோதி வெளியேறினார். எதிரில் இருந்த ஃபெராரியும் மெக்லாரனும் குளிர்காலம் முழுக்க ஸ்பெயின் தடங்களில் ஓடிப் பழகிய கார்கள்.

அந்த அணி ஏன் அப்படி வந்தது என்பதை மறந்துவிடக் கூடாது. 2009-ல் சர்வதேச ஆட்டோமொபைல் கூட்டமைப்பான எஃப்ஐஏ-வின் தலைவர் மேக்ஸ் மோஸ்லி ஒரு திட்டம் வைத்தார். 2010 முதல் அணிகளின் ஆண்டுச் செலவுக்கு 4 கோடி பவுண்டு உச்சவரம்பு. இதை நம்பிப் புதிய அணிகள் மனுப் போட்டன. பெரிய அணிகளோ தனிப் பந்தயத் தொடர் தொடங்கிவிடுவோம் என்று மிரட்டின. வரம்பு கைவிடப்பட்டது. புதிதாக வந்தவர்கள் மட்டும், இல்லாத விதியை நம்பி உள்ளே மாட்டிக்கொண்டார்கள். ஹிஸ்பானியா 2012-ல் மூடியது. கேட்டர்ஹம் 2014-ல். மானர் என்ற பெயரில் முடிந்த மூன்றாவது அணி 2017 தொடக்கத்தில். நடுவில் 2011, 2012 இரு ஆண்டுகளும் ஆஸ்திரேலியாவில், முதல் ஆளின் நேரத்தில் 107 சதவீதத்துக்குள் வர முடியாததால் கார்த்திகேயனின் அணிக்குப் பந்தயத்தில் ஓடவே அனுமதி கிடைக்கவில்லை.

கார்த்திகேயனின் ஃபார்முலா 1 வாழ்க்கையில் கிடைத்த புள்ளிகள் ஐந்து. அவையும் 2005 ஜூனில் இண்டியானாபொலிஸில், மிச்செலின் டயர் பாதுகாப்பானதல்ல என்று 14 கார்கள் விலகிக்கொள்ள, ஆறே கார்கள் ஓடிய பந்தயத்தில் ஜோர்டான் காரில் பெற்ற நான்காம் இடத்துக்கு. அதை யாராவது குறைத்துப் பேசினால் எனக்குக் கோபம் வரும். மற்ற எந்த ஞாயிற்றுக்கிழமையிலும் அந்தக் காருக்கு நான்காம் இடத்தை எட்டிப் பார்க்கும் வாய்ப்பே தரப்படவில்லை என்பதை அவர்கள் யோசிப்பதில்லை.

பணம் வேலை செய்யும் விதம் எளிமையானது. முன்னால் முடிக்கிற அணிக்குப் பரிசுத்தொகையில் பெரிய பங்கு. விளம்பரதாரர்களும் அங்கேதான் போவார்கள். நல்ல பொறியாளர்களும் அங்கேதான். அந்தப் பணமும் ஆட்களும் அடுத்த ஆண்டின் காரை இன்னும் வேகமாக்கும். இதோடு, நீண்டகாலமாக இருக்கும் அணி என்பதற்காகவே ஃபெராரிக்குத் தனித்தொகையும், விதி மாற்றங்களைத் தடுக்கும் வீட்டோ அதிகாரமும் ஒப்பந்தத்திலேயே எழுதிக் கொடுக்கப்பட்டிருக்கின்றன. ஷூமாக்கர் காலத்தில் ஃபெராரியிடம் சொந்தமாக ஃபியோரானோ தடம் இருந்தது, தேவைக்கேற்ற டயரைத் தயாரித்துத் தர பிரிட்ஜ்ஸ்டோன் இருந்தது, சோதனை ஓட்டத்துக்குக் கட்டுப்பாடு இல்லை. எதிரில் ஃபயென்ஸா ஊரின் மினார்டி அணி 1985 முதல் 2005 வரை 340 பந்தயங்களில் ஓடி, ஒருமுறைகூட மேடை ஏறவில்லை. ஒன்பது முறை அணிப் பட்டம் வென்ற வில்லியம்ஸ் குடும்பமே 2020-ல் அணியை ஓர் அமெரிக்க முதலீட்டு நிறுவனத்திடம் விற்றுவிட்டு வெளியேறியது.

இது மாற்றவே முடியாத இயற்கை அல்ல. ஒரு காலத்தில் வேறு மாதிரி இருந்தது. 1967 ஜூனில் நெதர்லாந்தின் ஸாண்ட்வோர்ட்டில் ஜிம் கிளார்க்கின் லோட்டஸில் முதன்முதலாக ஓடி, ஓடிய அன்றே வென்ற காஸ்வொர்த் டிஎஃப்வி இன்ஜின்தான் அதற்குச் சாட்சி. ஃபோர்டு நிறுவனம் 1 லட்சம் பவுண்டு கொடுத்தது, கீத் டக்வொர்த் வடிவமைத்தார். அடுத்த ஆண்டிலிருந்து 7,500 பவுண்டு கொடுத்தால் எந்த அணியும் வாங்கிக்கொள்ளலாம் என்றானது. சர்ரேயில் மர வியாபாரம் பார்த்த கென் டிரெல், தன் மரக்கிடங்கிலேயே அணி நடத்தி ஜாக்கி ஸ்டூவர்ட்டை 1971-லும் 1973-லும் சாம்பியன் ஆக்கியது அந்த இன்ஜினால். பண நெருக்கடியில் தத்தளித்த ஃபிராங்க் வில்லியம்ஸ் 1980-ல் ஆலன் ஜோன்ஸை சாம்பியன் ஆக்கியதும் அதே இன்ஜினால். 1983 வரை அது 155 உலக சாம்பியன்ஷிப் பந்தயங்களை வென்றது. 1969-ல் நடந்த எல்லாப் பந்தயங்களையும் வென்றது டிஎஃப்வி ஒன்றுதான். ஆனால் அது ஒரே அணியிடம் இல்லை. ஆதிக்கம் செலுத்தும் பொருள் கடையில் கிடைத்தால் அது ஆதிக்கமாக இருப்பதில்லை.

மருந்தே நோயானது

என் முக்கியமான குற்றச்சாட்டுக்கு வருகிறேன். ஃபார்முலா 1-ன் நிர்வாகிகள் ஒவ்வொரு முறையும் சமநிலை கெட்டுவிட்டது என்றதும் விதிப்புத்தகத்தைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதுகிறார்கள். புதிய விதி வரும் ஒவ்வொரு முறையும் யாரோ ஓர் அணி அதை மற்றவர்களைவிட நன்றாகப் படித்துவிடுகிறது. அங்கே பிறக்கிறது அடுத்த ஆதிக்கம்.

2009-ல் காற்றியக்க விதிகள் மாறின. முந்திய டிசம்பரில் ஹோண்டா விட்டுவிட்டுப் போன அணியை ராஸ் பிரான் 1 பவுண்டுக்கு வாங்கி, தன் பெயரில் ஓட்டினார். பின்புறம் இரட்டை அடுக்கு டிஃப்யூஸர் வைக்க விதியில் இடுக்கு இருப்பதை அவர்கள் கண்டிருந்தார்கள். ஜென்சன் பட்டன் முதல் ஏழு பந்தயங்களில் ஆறை வென்றார். எளியவன் ஜெயித்த அழகான கதையாக இது சொல்லப்படுகிறது. ஹோண்டாவின் பெரும் பணம் முந்தைய ஆண்டு முழுக்க அந்தக் காரில் கொட்டப்பட்டிருந்தது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் கதை முழுமையாகும்.

2014-ல் 1.6 லிட்டர் வி6 ஹைபிரிட் இன்ஜின். மெர்சிடிஸ் தன் டர்போவின் டர்பைனை இன்ஜினின் ஒரு முனையிலும் கம்ப்ரஸரை மறு முனையிலும் பிரித்து வைத்தது. முதல் நாளிலிருந்தே மற்றவர்களைவிட ஒரு படி மேலே. செலவைக் கட்டுப்படுத்த வேண்டும் என்று, இன்ஜினில் எவ்வளவு மாற்றலாம் என்பதற்கும் ‘டோக்கன்’ கணக்கில் வரம்பு வைத்திருந்தார்கள். பின்தங்கியவர்கள் பிடிக்க முடியாதபடி அந்த வரம்பே கதவைச் சாத்தியது. 2014-ல் 19-க்கு 16, 2015-ல் 19-க்கு 16, 2016-ல் 21-க்கு 19 வெற்றிகள். 2014 முதல் 2021 வரை அணிப் பட்டம் எட்டு முறையும் மெர்சிடிஸுக்கே.

2022-ல் மறுபடி புதிய விதி. காரின் அடிப்பாகம் வழியாகவே தரையோடு ஒட்டும் விசையை உண்டாக்குவது என்று மாற்றினார்கள். நோக்கம் நல்லது. முன்னால் போகும் கார் கலக்கிவிடும் காற்றில் பின்னால் வருகிற கார் பிடிமானத்தை இழக்கும். 10 மீட்டர் தொலைவில் நெருங்கினால் பழைய கார்கள் 46 சதவீதம் டவுன்ஃபோர்ஸை இழந்தன, புதிய வடிவில் அது 18 சதவீதமாகக் குறையும் என்று அளந்து சொன்னார்கள். நெருங்கி ஓடுவது எளிதானதும் உண்மை. ஆனால் விதியைச் சரியாகப் படித்தது ரெட் புல். அந்த ஆண்டு 22-க்கு 17, அடுத்த ஆண்டு 22-க்கு 21.

இதன் மறுபக்கத்தைப் பாருங்கள். விதி மாறாமல் கிடந்த காலங்களின் கடைசி ஆண்டுகள் எப்படி இருந்தன? 2009-ல் தொடங்கிய காலத்தின் நான்காம் ஆண்டான 2012-ல் முதல் ஏழு பந்தயங்களை ஏழு வெவ்வேறு பேர் வென்றார்கள்; அவர்களில் ஒருவர் வில்லியம்ஸில் ஓட்டிய பாஸ்டர் மால்டனாடோ. 2014-ல் தொடங்கிய இன்ஜின் விதிகளின் எட்டாம் ஆண்டான 2021-ல் ஹாமில்டனும் வெர்ஸ்டாப்பனும் சரிசமமாக 369.5 புள்ளிகளோடு கடைசிப் பந்தயத்துக்கு வந்தார்கள். 2022-ல் தொடங்கிய காலத்தின் மூன்றாம் ஆண்டான 2024-ல் ஏழு டிரைவர்கள் தலா இரண்டு பந்தயங்களாவது வென்றார்கள். அணிப் பட்டம் மெக்லாரன் 666, ஃபெராரி 652 என்று 14 புள்ளிகளில் தீர்மானமானது. 2025-ல் நாரிஸ் 423, வெர்ஸ்டாப்பன் 421. இரண்டே புள்ளிகளில் பட்டம். தகுதிச் சுற்றின் முதல் பகுதியில் முதல் ஆளுக்கும் கடைசி ஆளுக்கும் இடையே ஒரு விநாடி வித்தியாசம்தான் என்ற அளவுக்குச் சில இடங்களில் களம் சுருங்கியது.

2013 இந்தக் கணக்குக்கு ஒத்துவரவில்லையே, விதி பழையதாகியும் வெட்டல்தானே ஜெயித்தார் என்று கேட்கலாம். அந்த ஆண்டின் முதல் பாதியில் வெற்றிகள் பலர் கையில் பிரிந்துதான் கிடந்தன. சில்வர்ஸ்டோனில் டயர்கள் அடுத்தடுத்து வெடிக்க, பிரெல்லி நிறுவனம் ஹங்கேரியிலிருந்து டயரின் கட்டமைப்பை மாற்றியது. பாதுகாப்புக்காகச் செய்த தவிர்க்க முடியாத மாற்றம்தான் அது. ஆனால் பெல்ஜியத்தில் தொடங்கிப் பிரேசில் வரை கடைசி ஒன்பது பந்தயங்களையும் வெட்டல் வாரிக்கொண்டார். விளையாட்டின் நடுவில் கைவைத்தால் களம் எவ்வளவு சாயும் என்பதற்கு அதையும் உதாரணமாகவே எடுத்துக்கொள்ளலாம்.

விதி நிலையாக இருந்தால் முன்னால் இருப்பவருக்கு இனிக் கண்டுபிடிக்க அதிகம் மிச்சம் இருக்காது. பின்னால் இருப்பவர் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொள்வார். பொறியியலில் இது எல்லாத் துறைக்கும் பொருந்தும் உண்மை.

உச்சவரம்பும் காற்றுச் சுரங்கமும்

சமீப ஆண்டுகளின் நெருக்கத்துக்கு விதி பழகியது மட்டும் காரணம் அல்ல. 2021-ல் ஒருவழியாகச் செலவு உச்சவரம்பு வந்தது: முதல் ஆண்டு 14.5 கோடி டாலர், பிறகு 14 கோடி, 13.5 கோடி, விலைவாசிக்கேற்ற திருத்தங்களோடு. மோஸ்லி சொன்னதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, அவர் நம்பவைத்த அணிகள் எல்லாம் மூடிய பிறகு. டிரைவர் சம்பளமும் உச்சபட்ச ஊதியம் பெறும் மூன்று பேரும் இந்தக் கணக்கில் வர மாட்டார்கள். இதோடு, காரின் சிறு மாதிரியைக் காற்றுச் சுரங்கத்தில் வைத்துச் சோதிக்கும் நேரத்தைத் தலைகீழ் வரிசையில் பங்கிட்டார்கள். சாம்பியன் அணிக்கு அடிப்படை அளவில் 70 சதவீதம், அடுத்த இடத்துக்கு 75, இப்படியே ஏறிப் பத்தாம் இடத்துக்கு 115.

இது பலன் தந்தது. 2023 தொடக்கத்தில் பின்வரிசையில் தடுமாறிய மெக்லாரன், அந்த ஆண்டு நடுவில் இருந்து எழுந்து, 2024-ல் 26 ஆண்டுகளுக்குப் பின் அணிப் பட்டம் வென்றது. அதன் இன்ஜின் மெர்சிடிஸிடம் காசு கொடுத்து வாங்கியது. விற்றவரையே வாங்கியவர் முந்தினார் என்றால், இன்ஜின் பங்கீடு ஓரளவு நேர்மையாக நடக்கிறது என்று பொருள்.

ஆனால் தண்டனை விஷயத்தில் எஃப்ஐஏ இன்னும் தயங்குகிறது. 2021-ல் உச்சவரம்பை மீறியதாக ரெட் புல்லுக்கு 2022 அக்டோபரில் 70 லட்சம் டாலர் அபராதமும், சோதனை நேரத்தில் 10 சதவீதக் குறைப்பும் விதிக்கப்பட்டன. அடுத்த ஆண்டு அவர்கள் 21 பந்தயங்களில் வென்றார்கள். காரின் அடிப்படை வடிவம் அமைந்து முடிந்த பிறகு வருகிற குறைப்பு, அந்த ஆண்டின் வேகத்தைத் தொடவில்லை. வரம்பு மீறிய சீசனின் புள்ளிகளில் கைவைக்காத வரை, பெரிய அணிகளுக்கு அது கணக்கில் எழுதிக்கொள்ளும் இன்னொரு செலவாகவே இருக்கும்.

வெளியிலிருந்து புதியவர்கள் வரும் வழியும் இறுகிக் கிடக்கிறது. 2021 ஒப்பந்தப்படி புதிய அணி உள்ளே வர வேண்டுமானால், மற்ற அணிகளின் பங்கு குறைவதற்கு ஈடாக 20 கோடி டாலர் கட்ட வேண்டியிருந்தது. அமெரிக்காவின் ஆண்ட்ரெட்டி அணிக்கு எஃப்ஐஏ சம்மதித்தும், வணிக உரிமை வைத்திருக்கும் நிர்வாகம் 2024 ஜனவரியில் மறுத்தது. நீங்கள் வந்தால் போட்டியிடும் நிலையில் இருக்க மாட்டீர்கள் என்பதும் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. போட்டியிட முடியாதபடி களத்தை அமைத்து வைத்தவர்களே அந்தக் காரணத்தைச் சொன்னதை என்னால் ஏற்க முடியவில்லை. பிறகு ஜெனரல் மோட்டார்ஸின் முழு ஆதரவோடு, கேடிலாக் என்ற பெயரில்தான் பதினோராவது அணிக்கு 2026-ல் இடம் கிடைத்தது.

எடைக்கல் வைத்துச் சமன்

வேறு பந்தயங்களில் வேறு வழி உண்டு. 24 மணி நேர லே மான்ஸ் உள்ளிட்ட நீள்தூரப் பந்தயங்களில் ‘பேலன்ஸ் ஆஃப் பெர்ஃபார்மன்ஸ்’ என்ற முறை நடப்பில் இருக்கிறது. வேகமான காருக்கு எடை கூட்டுவார்கள், சக்தியைக் குறைப்பார்கள். 2023 லே மான்ஸுக்குச் சில நாட்களுக்கு முன் டொயோட்டாவுக்கு 37 கிலோ, ஃபெராரிக்கு 24 கிலோ என்று ஏற்றினார்கள். ஐந்து ஆண்டுகளாக வென்றுவந்த டொயோட்டா தோற்றது, ஐம்பது ஆண்டுகள் கழித்து முதல் பிரிவுக்குத் திரும்பிய ஃபெராரி வென்றது. அந்த வெற்றி ஃபெராரியின் உழைப்பால் வந்ததா, கிலோக் கணக்கால் வந்ததா என்ற சந்தேகம் இன்றும் போகவில்லை. இந்த முறையைப் பற்றிப் பொதுவெளியில் அணிகள் பேசவே கூடாது என்று விதி இருக்கிறது. பேசத் தடை போட வேண்டியிருக்கும் ஒரு சமநிலையை ஃபார்முலா 1 கடன் வாங்கக் கூடாது.

எல்லாருக்கும் ஒரே கார் என்பது இன்னொரு வழி. ஃபார்முலா 2-ல் அப்படித்தான். 2025 மே மாதம் மொனாக்கோவில் பெங்களூரு இளைஞர் குஷ் மைனி ஸ்பிரின்ட் பந்தயத்தை வென்றபோது, அதே ரகக் கார்தான் மற்ற எல்லாரிடமும் இருந்தது. துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் நடிகர் அஜித் குமாரின் அணி 2025 ஜனவரியில் தன் பிரிவில் மூன்றாம் இடம் பிடித்ததைத் தமிழ்நாடே கொண்டாடியது. இணையான போர்ஷே கார்களுக்கு நடுவே வந்த மூன்றாம் இடம் என்பதால் அந்தக் கொண்டாட்டத்துக்கு அர்த்தம் இருந்தது. ஆனாலும் ஃபார்முலா 1 ஒரே காராக மாறக் கூடாது என்றே சொல்வேன். ஆளுக்கொரு கார் செய்து கொண்டுவந்து மோதுவதுதான் அதன் உயிர். வடிவமைப்பாளர் ஏட்ரியன் நியூவி வரைந்த ஒரு காரை மெக்லாரனின் இளம் பொறியாளர்கள் அடுத்த ஆண்டு முந்திக் காட்டுவதைப் பார்க்கத்தான் நாம் விழித்திருக்கிறோம். அந்த முந்தல் நடக்க அவர்களுக்கு அவகாசமும் காசும் வேண்டும். அவ்வளவுதான் கோரிக்கை.

ஆனால் அந்த அவகாசம் கிடைக்கவில்லை. இரண்டு புள்ளியில் பட்டம் முடிந்த 2025-க்கு அடுத்த ஆண்டே எல்லாம் மாறியது. 2026-லிருந்து சக்தியில் ஏறத்தாழ பாதி மின்சாரம், நீடித்த எரிபொருள், ஓடும்போதே கோணம் மாறும் இறக்கைகள். 2011 முதல் முந்துவதற்கு உதவிய டிஆர்எஸ் இல்லை. மெர்சிடிஸ் இன்ஜின் மட்டும் நான்கு அணிகளில். சென்ற முறை செய்த தவற்றிலிருந்து ஒன்று கற்றிருக்கிறார்கள்: இன்ஜினில் 2 சதவீதத்துக்கு மேல் பின்தங்கியவருக்குக் கூடுதலாக மாற்றம் செய்ய அனுமதி தரும் ஏற்பாடு இந்த விதியில் இருக்கிறது. டோக்கன் காலத்தில் இது இருந்திருந்தால் ரெனோவும் ஹோண்டாவும் அத்தனை ஆண்டுகள் தவித்திருக்க வேண்டாம்.

இந்த 2026 விதிகள் 2030 வரை என்று திட்டம். ஆனால் ஒரு கார்கூட இந்த விதியில் ஓடுவதற்கு முன், 2025-லேயே, எஃப்ஐஏ தலைவர் முகமது பென் சுலாயம் பழைய வி8 இன்ஜின்களை அதற்கு முன்னதாகவே திரும்பக் கொண்டுவருவது பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார். சத்தம் நன்றாக இருக்கும், செலவு குறையும் என்கிறார். இரண்டும் உண்மையாகவே இருக்கட்டும். ஆனாலும் 2030 வரை விதிப்புத்தகத்தை மூடிவைக்கட்டும். உச்சவரம்பை மீறினால் புள்ளி போகும் என்று எழுதட்டும். இன்ஜின் விற்கிற நிறுவனம், தனக்கு வைத்துக்கொள்வதையே வாங்குகிற அணிக்கும் அதே நாளில் தரட்டும். 2026-ல் உள்ளே வந்த ஆடி, கேடிலாக் அணிகளுக்கு, ஹிஸ்பானியாவுக்குக் கிடைக்காத ஐந்து அமைதியான ஆண்டுகள் கிடைக்கட்டும். அப்போது கடைசி வரிசையில் ஓட்டுகிற இளைஞன் எப்படிப்பட்டவன் என்று ஐந்தாம் ஆண்டிலாவது நமக்குத் தெரியவரும்.